பந்தியும் சான்றிதழும்: தெலங்கானா கிறிஸ்தவர்களின் வார நாள் விசுவாசம்

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறிக்கையிடும் விசுவாசம் திங்கள் முதல் சனி வரை என்ன ஆகிறது? இதைப் பிரசங்கத்தில் கேட்காத போதகர் கிடையாது. பதிலும் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும்: பொய் சொல்லாதே, குடிக்காதே, லஞ்சம் வாங்காதே, காலையில் எழுந்ததும் வேதம் வாசி, குடும்ப ஜெபத்தை விடாதே. எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் இவை அத்தனையும் தனி ஒருவரின் மன உறுதியை நம்பி நிற்பவை. உறுதி உள்ளவர் தேறுவார், இல்லாதவர் தோற்பார் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஹைதராபாத்தையும் அதைச் சுற்றியுள்ள தெலங்கானா ஊர்களையும் எடுத்துக்கொண்டால், நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. சாப்பாடு, பணம், நோய் என்ற மூன்றையும் ஒரு சபை பொதுவில் சுமந்த இடங்களில் விசுவாசம் வார நாட்களிலும் நின்றிருக்கிறது. அந்தச் சுமை தனித்தனி வீடுகளின் தலையில் இறங்கிய இடங்களில், பக்திக்குக் குறைவில்லாதபோதும், ஊரின் பழைய வழக்கமே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை பல உண்டு. அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்கு ஹைதராபாத் பொருத்தமான இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகரில் கிறிஸ்தவர்கள் 2.75 சதவீதம். நூற்றுக்கு மூவருக்கும் குறைவாக இருப்பவர்கள், வாரத்தின் ஆறு நாளையும் வேறு சமயத்தாரோடு வேலை செய்து, வாடகை கொடுத்து, கடன் வாங்கித்தான் வாழவேண்டும். பட்டாளம் வந்தபோது செகந்திராபாத்துக்கு ஆலயமும் வந்தது. புனித யோவான் ஆலயம் 1813இல் எழுந்தது. மெட்ராஸ் படையோடு வந்த தமிழர்களின் வழியில் தமிழ் ஆராதனை செகந்திராபாத்தில் இன்றும் நடக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தின் கிறிஸ்தவத்துக்கு உருவம் கொடுத்தவர்கள் பட்டாளத்தாரோ ஆங்கிலேயரோ அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற மாலர், மாதிகர் என்ற இரு தலித் சமூகங்களின் கிராமத்தார் அவர்கள். 1895இல் வந்த மெதடிஸ்ட் மிஷனரி சார்லஸ் வாக்கர் பாஸ்நெட், பஞ்சகாலத்தில் வேலைக்கு உணவு என்று கட்டத் தொடங்கி 1924 கிறிஸ்துமஸ் அன்று பிரதிஷ்டை செய்த மேடக் பேராலயத்தைப் பார்க்க இன்றும் பேருந்து நிறைய ஆட்கள் போகிறார்கள். 175 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள், அதன் நிழலில் இருந்த கிராமச் சபைகளைப் பார்ப்பது குறைவு.

அப்படிப் பார்த்த ஓர் ஆய்வு நமக்கு வாய்த்திருக்கிறது. பி. ஒய். லூக், ஜான் கார்மன் என்ற இருவர் 1959இல் மேடக் பகுதியின் வாடியாரம் குருசேகரத்தைச் சேர்ந்த ஜங்கராய் வட்டாரத்துக் கிராமங்களில் தங்கி விசாரித்து, 1968இல் நூலாக வெளியிட்டார்கள். எத்தனை பேர் ஆலயத்துக்கு வருகிறார்கள் என்ற தலைக்கணக்கோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் யாரிடம் ஓடுகிறாள், கல்யாணத்துக்கு யார் நாள் குறிக்கிறார், ஊர் அம்மன் போச்சம்மாவுக்கு விழா எடுக்கும்போது கிறிஸ்தவ வீடு என்ன செய்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். கிடைத்த பதில் மிஷன் அறிக்கைகளில் வரும் பதில் போல இல்லை. இயேசுவை எல்லாச் சாமிகளுக்கும் மேலானவராக நம்பியவர்களே அம்மன் விழாவுக்கும் பங்கு கொடுத்தார்கள். ஜெபமும் செய்தார்கள், மந்திரிப்பவரிடமும் போனார்கள். ஒரு குருவானவர் பல கிராமங்களைச் சுமந்ததால் திருவிருந்து அரிதாகவே கிடைத்தது. வெளிநாட்டுப் பணம் சுருங்கச் சுருங்க, ஊரிலேயே குடியிருந்து மாலைதோறும் ஜெபம் நடத்திய உபதேசிமார்களின் எண்ணிக்கையும் சுருங்கியது.

இவர்கள் அரைகுறைக் கிறிஸ்தவர்கள், போதனை போதவில்லை, அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசிக்கலாம். பியூ ஆய்வு மையம் 2019–20இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய கருத்தாய்வில், கர்மவினையை நம்புவதாகச் சொன்ன கிறிஸ்தவர்கள் 54 சதவீதம். தீபாவளி கொண்டாடுவதாகச் சொன்னவர்கள் 31 சதவீதம். கலப்பு என்று இதைச் சொல்வதானால் ஜங்கராயின் ஏழைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பள்ளியிலும் ஞாயிறு பள்ளியிலும் படித்துத் தேறிய நகரத்தாருக்கும் அதில் இடம் உண்டு. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். கிராமத்து அம்மன் விழாவை வெறும் நம்பிக்கை விவகாரமாகப் பார்ப்பதே பிழை. மாதிகர் அங்கே டப்பு என்ற பறையை அடித்தார்கள். அது அவர்களுடைய ஊர்க்கடமை. அந்தக் கடமைக்குத்தான் நிலக்காரர்கள் களத்துமேட்டில் அவர்களுக்குத் தானியம் அளந்தார்கள். விக்கிரக விழாவில் டப்பு அடிக்கக்கூடாது, செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக்கூடாது என்று சபை விதி சொன்னபோது, அந்த விதிக்கு விலை கொடுக்கவேண்டியவர் பிரசங்கியார் அல்லர். நாளைக்கு உலை வைக்க வேண்டிய வீட்டுக்காரர். தானியம் நின்றால் அந்த வீட்டுக்கு யார் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் வைத்திருந்த சபையில் விதி நின்றது. இல்லாத சபையில் டப்பு திரும்ப ஒலித்ததில் ஆச்சரியம் என்ன?

அப்படி ஒரு பதிலைத் தேடியவர்களில் முதன்மையானவர் தமிழர். தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்குவதற்கு முன்னின்றவர். அந்தச் சங்கம் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதியைத் தன் களமாக எடுத்துக்கொண்டது. 1912 டிசம்பரில் அசரியா அதன் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1945 ஜனவரி முதல் நாள் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் கிராமங்களில் போய் எதிர்த்த நான்கு பேய்கள் அழுக்கு, நோய், கடன், குடி. பட்டியலில் விக்கிரகம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விக்கிரகத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஒரு குடும்பத்தை நிலக்கிழார் தேஷ்முக்கின் வெட்டி வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக எழுதிக் கொடுத்துவிடும் நாட்டில், கடனைத் தொடாத சுவிசேஷம் வாசற்படியைத் தாண்டாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் சபைகளில் வேரூன்றிய ஒரு பழக்கம் நெல்லைப் பக்கத்து வாசகர்களுக்குப் பழக்கமானதே. பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தின் முன் கொட்டுவார்கள். பிடியரிசிக் காணிக்கை. இதில் நான்கு நுட்பங்கள் உண்டு. கூலியைத் தானியமாக வாங்கும் வீட்டில் கையில் காசே புழங்காதபோதும் இதைக் கொடுக்க முடியும். கொடுப்பவள் பெண், சபைக்கணக்கில் ஆண் பெயரே எழுதப்பட்ட காலத்தில் அவள் தன் கையால் தன் பங்கைச் செலுத்தினாள். வாரத்தில் ஒரு நாளைக்கு இருந்த காணிக்கை, உலை வைக்கும் ஒவ்வொரு வேளைக்குமான செயலாக மாறியது. அரிசி சேர்ந்தது உபதேசியாரின் வீட்டுக்கும் இல்லாதவர் வீட்டுக்கும். அசரியா காணிக்கையைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஏழைகள் கொடுக்கக் கற்றுக்கொள்ளாமல் தங்கள் சபை தங்களுடையது என்று உணரமாட்டார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். எல்லாவற்றையும் மிஷன் பங்களாவிலிருந்து எதிர்பார்த்துப் பழகிய சபைகளின் நடுவில் அது கசப்பான மருந்துதான். ஆனால் அவர் காலத்தில் அத்தியட்சாதீனத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலரும் மாதிகருமே.

இங்கேதான் மிகப் பழைய ஆட்சேபம் எழுகிறது: சோற்றுக்காக வந்தவர்கள், வந்த நோக்கமே பழுது, பிறகு வாழ்க்கை மட்டும் எப்படி நேராகும்? 1930களில் காந்தி கூட்டு மதமாற்றத்தைக் கண்டித்தபோது சொன்னதன் சாரமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. இந்த ஆட்சேபத்தை யாரும் கோபத்தில் பதில் சொல்லிக் கடக்கவேண்டியதில்லை. சோதித்துப் பார்த்த ஒருவர் இருக்கிறார். ஜே. வாஸ்கம் பிக்கெட் என்ற அமெரிக்க மெதடிஸ்ட், 1930களின் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஏறத்தாழ 4,000 பேரை விசாரித்தார். ஏன் கிறிஸ்தவரானீர்கள் என்று கேட்டு, ஆத்தும காரணம் சொன்னவர், உலகக் காரணம் சொன்னவர், உறவும் ஊரும் வந்ததால் வந்தவர், பிறப்பால் ஆனவர் என்று பிரித்தார். பிறகு ஆராதனைக்கு வருதல், காணிக்கை, குடி, மந்திரவாதத்துக்குப் பயப்படுதல் போன்ற வாழ்க்கைக் குறிகளை இந்தப் பிரிவுகளோடு ஒப்பிட்டார். நோக்கம் எதுவானாலும் பின்னாளைய வாழ்க்கையில் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் இல்லை. வந்த பிறகு கிடைத்த போதனையும் சபையின் கவனிப்புமே பெரிய வித்தியாசத்தைச் செய்தன. 1933இல் வெளிவந்த அந்த நூலை மிஷன் சார்பானது என்று ஒதுக்குவோர் உண்டு. சார்பு இருந்தது மெய்யே. ஆனால் சார்பானவர் எதிர்பார்த்திருக்கக்கூடிய முடிவு, ஆத்தும காரணத்தால் வந்தவரே சிறந்தவர் என்பதாகத்தான் இருந்திருக்கும். அவர் கண்டது அதற்கு மாறானது என்பதால்தான் அதற்கு மதிப்பு. தவிர, பசியோடு வந்தவனின் நோக்கத்தை மட்டும் உரசிப் பார்த்து, வசதியோடு கோயிலுக்கோ ஆலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ வருபவனின் நோக்கத்தை யாரும் உரசுவதில்லை என்பது என் மனத்தாங்கல்.

சாப்பாட்டுக்கு வருவோம். சீக்கியக் குடும்பத்தில் 1903இல் பிறந்து, கனடாவில் படிக்கும்போது கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பக்த் சிங், 1941இல் சென்னையில் யேகோவா ஷம்மா என்ற சபையை நிறுவினார். பிறகு ஹைதராபாத்தில் எப்ரோன் என்ற சபை அவர் ஊழியத்தின் மையமானது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கேதான் காலமானார். அவர் சபைகளில் ஊழியருக்குச் சம்பளம் கிடையாது. செருப்பை வெளியே விட்டுப் பாயில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஆராதிப்பார்கள். அது முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை, அன்பின் விருந்து. வரிசையாகத் தரையில் அமர்ந்தவர்களுக்குச் சோறும் குழம்பும் வரும், பரிமாறுபவர் யார் எந்தச் சாதி என்று கேட்க இடமில்லை. ஆண்டுதோறும் நடக்கும் பரிசுத்த சபைக்கூடுகையில் பல நாள் ஆயிரக்கணக்கானோருக்கு அடுப்பெரியும். நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்து அசன விருந்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அசனம் ஆண்டுக்கொரு முறை, இது வாரந்தோறும். பந்தியை ஆராதனையின் தொடர்ச்சியாகவே வைத்ததில் பக்த் சிங் புதிய ஏற்பாட்டை நன்றாகவே படித்திருந்தார். அந்தியோகியாவில் பேதுரு புறசாதியாரின் பந்தியிலிருந்து விலகியபோது, சாப்பாட்டு விஷயம்தானே என்று பவுல் விட்டுவிடவில்லை. முகத்துக்கு நேரே எதிர்த்தார்.

ஞாயிறு மதியம் சேர்ந்து சாப்பிட்டவர்கள் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும்போது எங்கே போகிறார்கள்? இது பந்தியைப் புகழும் எவரையும் நிறுத்திக் கேட்கவேண்டிய கேள்வி. இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. தெலங்கானாச் சபைகளில் மாலர் மாதிகர் பிளவு கல்யாணத்திலும் சபைத் தேர்தலிலும் தலைகாட்டுவதை மறைப்பதில் பயனில்லை. தமிழ்க் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களைப் படிப்பவர்களுக்கு நம் பக்கமும் தெரியும். ஹைதராபாத் பேராயர் பூலா அந்தோணி 2022 ஆகஸ்டில் கர்தினாலானபோது, அவர்தான் முதல் தலித் கர்தினால் என்று பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு எழுதின. இத்தனை நூற்றாண்டு கழித்துத்தானா என்று வெட்கத்தோடு எழுதியவர்கள் குறைவு. பந்தி கல்யாணத்தை மாற்றவில்லை என்பதால் பந்தி வீண் என்றாகாது. பந்திகூட இல்லாத சபையில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. இருக்கும் சபையில் அது எழுந்து உறுத்துகிறது.

அடுத்து, சான்றிதழ். கார்மன் ஐம்பது ஆண்டு கழித்து, வேதாகமப் பேராசிரியர் சில்குரி வசந்த ராவோடு சேர்ந்து அதே கிராமங்களை மீண்டும் விசாரித்து 2014இல் வெளியிட்ட நூலின் துணைத் தலைப்பிலேயே சரிவு, எழுச்சி என்ற இரண்டும் இருக்கின்றன. சரிந்தவை பழைய சபைகள். அதற்குக் காரணங்களில் ஒன்று ஆலயத்துக்கு வெளியே, டெல்லியில் எழுதப்பட்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கிடைப்பது பிற்பட்டோரில் ‘சி’ பிரிவின் 1 சதவீதம். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை, அதே தொழில் செய்த இந்துக்களுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ஆகவே கிராமத்தில் நடப்பது இதுதான்: வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர், ஆராதனைக்கு வருவார்கள், ஞானஸ்நானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

இது இரட்டை வாழ்க்கை, சாட்சியைக் கெடுக்கும் பொய் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், விசுவாசத்தால் அல்லாமல் ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. பேச்சில் உண்மை வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் விலை யார் தலையில் விழுகிறது என்று பார்க்கவேண்டும். நிலமுள்ள சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர் தன் மதத்தைச் சான்றிதழில் எழுத ஒரு ரூபாயும் இழப்பதில்லை. கூலிக்காரரின் மகள் அதே வார்த்தையை எழுதினால் பட்டியல் சாதி ஒதுக்கீடு போகும். அந்த இழப்பை ஈடுகட்ட எந்தச் சபையும் கலயத்தில் ஒரு பிடி போட்டு வைக்காதபோது, அவள் மட்டும் தனியாக வீரம் காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்? டப்பு அடிக்க மறுத்தவருக்கு நேர்ந்ததே இங்கேயும் நேர்கிறது. களத்துமேட்டின் இடத்தில் தாசில்தார் அலுவலகம் வந்திருக்கிறது.

எழுச்சி எங்கே என்றால், சுயாதீனச் சபைகளில். தாங்களாகவே கிளம்பிய ஊழியர்கள் வீடு வீடாகப் போய் நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார்கள். சுகம் கிடைத்ததாக நம்பியவர்கள் வருகிறார்கள், இந்து வீட்டுப் பெண்கள் ஞானஸ்நானமின்றியே விசுவாசிகளாக இருக்கிறார்கள். இது வியாபாரம், வேண்டுதல் பலித்தால் இயேசு இல்லையேல் வேறு சாமி என்று படித்த கிறிஸ்தவர் சிரிக்கலாம். மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பையில் வைத்திருப்பவருக்கு அந்தச் சிரிப்பு எளிது. ஏழை வீட்டின் வார நாள் என்பதே பெரும்பாலும் நோய்தான். 1959இல் மந்திரிப்பவரிடம் ஓடிய தாய்க்கு இப்போது வாசலுக்கு வரும் ஒருவர் கிடைத்திருக்கிறார், அவ்வளவு எளிமையான மாற்றம் அது. என் தயக்கம் வேறு. இந்தச் சபைகளில் பெரும்பாலும் எல்லாம் ஒரே ஊழியரைச் சுற்றி நிற்கிறது. காணிக்கைக் கணக்கைப் பார்க்கும் கமிட்டி இல்லாதபோது, பொதுவில் சுமப்பது என்பது ஒருவர் தோளில் ஏற்றுவதாகச் சுருங்கிவிடும்.

சுமக்கும் வட்டம் சபையோடு நிற்கவேண்டுமா என்பதிலும் இந்த நகரத்துக்கு ஓர் அனுபவம் உண்டு. 1930இல் லாகூரில் இஸ்லாத்தைக் கிறிஸ்தவர்கள் கற்பதற்காகத் தொடங்கி, பல ஊர் மாறி 1970களின் தொடக்கத்தில் ஹைதராபாத் வந்த ஹென்றி மார்ட்டின் நிறுவனம், 1990 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கலவரத்தில் மாண்டபோது புத்தக அலமாரியைவிட்டுப் பழைய நகரத்துக்குள் இறங்கியது. சுல்தான் ஷாஹியில் இந்து, முஸ்லிம் பெண்கள் ஒரே அறையில் தையல் கற்றார்கள், பிள்ளைகள் ஒரே பள்ளியில் உட்கார்ந்தார்கள். யாரையும் சபையில் சேர்க்காத இது என்ன ஊழியம் என்று சிலர் கேட்டார்கள். விசுவாசத்தை அறிவிக்கவே கூடாது என்பது என் கருத்தல்ல. ஆனால் இரு தரப்பும் நம்பி உள்ளே விட்ட மூன்றாமவர்களாக அந்த நாட்களில் அவர்கள் நின்றதற்குக் காரணமே, அங்கே அவர்கள் ஆள் சேர்க்க வரவில்லை என்பதுதான்.

இப்போது கூட்டம் நகரத்தில். 2005இல் தொடங்கிய கல்வாரி டெம்பிள் 2013இல் தன் பிரமாண்டக் கட்டிடத்தை 52 நாளில் எழுப்பியதாகச் சொல்கிறது; லட்சக்கணக்கில் உறுப்பினர் என்றும் சொல்கிறது; வருபவர்களுக்குக் குறைந்த விலையில் சாப்பாடும் கிடைக்கிறது. மாதாப்பூர், கச்சிபௌலி அடுக்குமாடிகளில் தெலுங்கு, தமிழ், ஆங்கில ஜெபக்குழுக்கள் வெள்ளி இரவுகளில் கூடுகின்றன. ஜங்கராய்க்கு வைத்த அளவுகோலை இங்கே வைத்தால் கேட்கவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஜெபத்துக்குக் கதவு திறக்கும் வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு வார விடுமுறை உண்டா, அவள் பிள்ளையின் கட்டணத்தை அந்தக் குழு பகிர்ந்துகொள்கிறதா, வேலை போன உறுப்பினரின் மாதத் தவணையை யார் கட்டுகிறார்கள், அந்தப் பெண் கூட்டம் முடிந்து பரிமாறப்படும் பந்தியில் உட்காருகிறாளா, சமையலறையில் நிற்கிறாளா.